பவளப்பாறையின் துப்புரவு மீனைக் கண்டுபிடித்துக் கவனிப்பது எப்படி?

பவளப்பாறைக் கடலில் முதன்முறையாக முகமூடி அணிந்து குனிந்து பார்ப்பவரின் கண், பெரிய மீன்களையும் பளிச்சென்ற நிறங்களையும் துரத்திக்கொண்டே ஓடும். கிளி மீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் விழும், வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடியாகக் கடந்து போகும், அதற்குள் நேரம் முடிந்து படகுக்குத் திரும்பிவிடுவோம். நாம் தாண்டி வந்த ஏதோ ஒரு கல்லருகே, விரல் நீளமே உள்ள ஒரு மீன் தன்னை ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய களவா மீனின் வாய்க்குள் புகுந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அந்தக் காட்சியைத் தற்செயலுக்கு விடாமல், தேடிச் சென்று பார்ப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் கிளீனர் ராஸ் என்று வழங்கும் இதனைத் தமிழில் துப்புரவு மீன் என்றே குறிப்பிடுகிறேன். ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் லாப்ராய்டெஸ் டிமிடியேட்டஸ். பிரெஞ்சு விலங்கியலாளர் அஷீல் வாலென்சியென் 1839இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை ஆகியவற்றில் தொடங்கி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, பசிபிக்கின் மார்க்கேசஸ் தீவுகள் வரை வெப்பமண்டலப் பவளக் கடல்களில் இது பரவலாக வாழ்கிறது. பெரும்பாலும் 10 செ.மீ. அளவிலும், மிகுந்தால் 14 செ.மீ. வரையிலும் வளரும். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் வரை காணப்படுவதால், ஆழத்தில் மூழ்கப் பயிற்சி இல்லாதவரும் மேலே மிதந்தபடியே இதனை நன்றாகப் பார்க்க முடியும் என்பது நமக்குப் பெரிய வசதி.

எங்கே, எப்போது போவது

தமிழ் வாசகர்களுக்கு எளிதில் எட்டக்கூடிய பவளக் கடல்களில், திருகோணமலையின் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு, அந்தமான் தீவுகள், இலட்சத்தீவுகள் ஆகிய மூன்றையும் முதலில் சொல்லலாம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும்; வாடைக் காலமான கார்த்திகை, மார்கழி மாதங்களில் அங்கே இறங்குவதை நினைத்தே பார்க்க வேண்டாம். அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் இதற்கு நேர்மாறாக, மழை ஓய்ந்த பிறகு வரும் மாதங்களிலிருந்து ஏப்ரல் வரை உகந்த காலம். இலட்சத்தீவுக்கு முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் இம்மீன் உண்டு என்றாலும், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் இறங்கலாகாது. யாராவது படகுக்காரர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் உடன்படாதீர்கள்.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை, காலையே சிறந்தது. துப்புரவு மீனின் முதன்மையான உணவு, நாத்தியிட் எனப்படும் மிகச் சிறிய ஒட்டுண்ணியின் இளம்பருவம். மீன் பேனைப் போலப் பிற மீன்களின் தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் இவை இரவு முழுவதும் ஏறிக்கொள்வதால், விடியும்போது மீன்களின் உடலில் மிகுதியாக இருக்கும். பகல் ஏற ஏற, துப்புரவு மீன்களின் உழைப்பால் குறையும். ஆகவே காலை ஏழிலிருந்து பத்துக்குள் நீரில் இருப்பவருக்கு, ஓய்வில்லாமல் நடக்கும் வேலையைக் காணும் வாய்ப்பு மிகுதி. அந்த நேரத்தில் காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பது கூடுதல் நன்மை.

கருவிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தோடு கசிவின்றிப் பொருந்தும் முகமூடி, மூச்சுக்குழாய், நீச்சல் நன்றாகத் தெரியாதவருக்கு லைஃப் ஜாக்கெட், முதுகு வெயிலில் கருகாமலிருக்க முழுக்கைச் சட்டை ஆகியவை போதும். சட்டை அணிந்தால் சன்ஸ்கிரீன் பூசும் தேவையும் வெகுவாகக் குறைகிறது; பவளத்துக்கும் அதுவே நல்லது. தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

கல்லைத் தேடுங்கள்

தொடக்கத்தில் நான் செய்த தவறு, மீனைத் தேடியதுதான். நீலக்கோடு ஒன்று தெரிந்ததும் துடுப்புக் காலணியை வேகமாக அடித்துப் பின்தொடர்வேன். அடியில் கிடந்த மணல் கலங்கி எழும். திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கிருந்த எல்லா மீன்களும் கலைந்து போயிருக்கும். இந்த மீன் நாடோடி அல்ல என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. முடி வெட்டும் கடையைப் போல அதற்கு ஒரு நிலையான இடம் உண்டு. வாடிக்கையாளர் அந்த இடத்தைத் தேடி வருவார். கடைக்காரர் ஊர் சுற்றுவதில்லை. அந்த இடத்தைத் துப்புரவு நிலையம் என்று சொல்லலாம்.

அப்படிப்பட்ட நிலையம் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்து சற்றுத் தனித்துத் தெரியும். மணல்வெளி நடுவே எழுந்து நிற்கும் ஒற்றைப் பவளத்திட்டு, பாறை விளிம்பில் துருத்தி நிற்கும் முனை, மேசைபோல் விரிந்த பவளத்தின் அடிநிழல், குடைவுள்ள பெருங்கல் ஆகியவற்றை முதலில் கவனியுங்கள். பிறகு, அங்கே இருக்கும் மீன்களின் நடத்தையில் ஓர் ஒழுங்கீனத்தைத் தேடுங்கள். பாறை மீன்கள் பொதுவாக எப்போதும் அசைந்துகொண்டும் மேய்ந்துகொண்டும் இருக்கும். ஒரு மீன் மட்டும் தலை மேலாகவோ வால் மேலாகவோ சாய்ந்து, துடுப்புகளை விரித்து, நீரில் தொங்கவிட்டதுபோல் அசையாமல் நின்றால், அங்கே துப்புரவு நடக்கிறது அல்லது அது தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். கருமையான சர்ஜன் மீன்கள் சில அப்போது வெளிறிய நீலமாகவே நிறம் மாறி நிற்கும். நோயுற்ற மீன் என்று நினைத்து நான் கடந்து சென்ற மீன்கள் பலவும் உண்மையில் இப்படி நின்றவையே.

அந்தக் கல்லிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முடிந்தால் நீரோட்டம் உங்களைக் கல்லின்மேல் தள்ளாத பக்கத்தில், கைகால்களை அசைக்காமல் மிதந்து நில்லுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழந்து அடுத்த கல்லுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிறிது பொறுத்தால், உங்களைக் கண்டு ஒதுங்கிய மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, விட்ட வேலையைத் தொடரும்.

அதுதானா, போலியா?

வளர்ந்த துப்புரவு மீனின் உடல் மெலிந்து நீண்டிருக்கும். வாயில் தொடங்கிக் கண் வழியாகச் செல்லும் கருங்கோடு, வாலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். அக்கோட்டின் மேலும் கீழும் உள்ள பகுதி முன்புறம் வெளிறியும், பின்புறம் ஒளிரும் நீலமாகவும் இருக்கும். குஞ்சு வேறு மாதிரி: உடல் முழுவதும் கறுப்பு, முதுகின் மேல் மட்டும் மின்னலைப் போன்ற ஒரு நீலக்கோடு. சிவப்பும் ஆரஞ்சும் நீரின் ஆழத்தில் முதலில் மங்கிவிட, நீலம் கடைசிவரை தெரிவதால், கருமையை ஒட்டிய இந்த நீலம் வாடிக்கையாளருக்கும் நமக்கும் தொலைவிலிருந்தே கண்ணில் படும் பெயர்ப்பலகையாகிறது. இதன் நீச்சலிலும் ஓர் அடையாளம் உண்டு. வாலை ஆட்டாமல், பக்கத் துடுப்புகளை அடித்து, பின்னுடலை மேலும் கீழும் குலுக்கிக்கொண்டு துள்ளும் ஓர் ஆட்டத்தை வாடிக்கையாளர் முன் ஆடிக்காட்டும்.

நிறத்தையும் ஆட்டத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஆஸ்பிடான்டஸ் டேனியேட்டஸ் என்னும் வேறொரு குடும்பத்து மீன், அதே கருங்கோடு, அதே நீலம், அதே ஆட்டம் ஆகிய அனைத்தையும் போலி செய்கிறது. பூக்குழல் போலத் தலை விரிக்கும் குழாய்ப்புழுக்களின் உணர்விழைகள், சிப்பியின் சதை விளிம்பு, பிற மீன்கள் பாறையில் இடும் முட்டைகள் ஆகியவற்றை இது பெரிதும் தின்கிறது. நம்பி நெருங்கிய மீனின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, நிறத்தை மறந்துவிட்டு வாயைப் பாருங்கள். உண்மையான துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியில், நேர் முன்னே, தடித்த உதடுகளோடு அமைந்திருக்கும். போலியின் மூக்கு உருண்டு முன்தள்ளி இருக்க, வாய் அதன் அடியில், சுறாவின் வாயைப் போலக் கீழே ஒளிந்திருக்கும். முதுகுத்துடுப்பும் உதவும்: போலிக்கு அது தலைக்குப் பின்னாலேயே தொடங்கி வால் வரை நீண்டு ஓடும், உண்மையான மீனுக்குச் சற்றுப் பின்தள்ளியே தொடங்கும்.

புறாத்தீவில் ஒருமுறை இரண்டையும் ஒரே பாறையில், கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். ஒன்று கிளி மீனின் செவுளருகே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றொன்று கல்லில் இருந்த சிறு துளைக்குள் பின்பக்கமாகவே நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் இப்படித் துளைக்குள் பின்வாங்கி உட்கார்ந்திருப்பது போலியின் வழக்கம் என்பதால், அதன் வாயைப் பார்க்கும் முன்பே எனக்கு ஐயம் தீர்ந்துவிட்டது.

வாடிக்கையாளரின் உடலைப் படியுங்கள்

நிலையத்தைக் கண்டுபிடித்து, மீனையும் உறுதி செய்த பிறகு, பார்வையைத் துப்புரவு மீனிலிருந்து விலக்கி, துப்புரவு செய்யப்படும் மீனின் மேல் வையுங்கள். கதையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. துப்புரவு மீன் தோலைக் கொத்தும்போது எதை எடுக்கிறது என்பதை நம் கண்ணால் காண முடியாது. அது ஒட்டுண்ணியை எடுத்தால் வாடிக்கையாளருக்கு நன்மை. ஆனால் அதற்கு ஒட்டுண்ணியைவிட மிகவும் பிடித்தது மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழைதான் என்பதை இம்மீனை ஆராய்ந்த அலெக்சாண்ட்ரா குரூட்டரும் ரெடுவான் பிஷாரியும் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். கோழையைக் கடிப்பது வாடிக்கையாளருக்கு இழப்பு. அப்படிக் கடிபடும் கணத்தில் அதன் உடல் வெடுக்கென்று ஒருமுறை உதறும். அந்த உதறலை எண்ணத் தொடங்கினால், ஒவ்வொரு துப்புரவு மீனும் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறது என்பதற்கு உங்களிடமே ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

உதறலுக்குப் பின் நடப்பதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாறையையே வீடாகக் கொண்ட சிறுமீனாக இருந்தால், அதற்குப் போக வேறு நிலையம் இல்லை. ஆகவே அது திரும்பித் துப்புரவு மீனைச் சிறிது தூரம் விரட்டும். பல நிலையங்களுக்குப் போய்வரக்கூடிய பெரிய மீனாக இருந்தால், சண்டை போடாமல் விலகி, அடுத்த முறை வேறிடத்துக்குப் போய்விடும். இதனால்தான், இருவகை மீன்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், வெளியூர் வாடிக்கையாளருக்கே முதலிடம் கிடைக்கும். உள்ளூர்க்காரர் எப்படியும் காத்திருப்பார் என்பது துப்புரவு மீனுக்குத் தெரியும். செங்கடலின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் பிஷாரி ஆண்டுக்கணக்கில் கவனித்து விளக்கிய இந்த நடத்தையை, பொறுமையுள்ள எவரும் தம் கண்ணாலேயே காணலாம். வேறொரு மீன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்புரவு மீன் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதும் பரிசோதனையில் நிறுவப்பட்டிருப்பதால், வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கொத்தாமல், வாடிக்கையாளரின் முதுகின் மேல் ஏறி, வயிற்றுத் துடுப்புகளால் படபடவென்று தடவிக்கொண்டே நகர்வதையும் காண்பீர்கள். அதில் உணவு எதுவும் இல்லை. வாடிக்கையாளரை அமைதிப்படுத்தி நிறுத்தி வைப்பதற்கான வருடல் அது. கடித்துவிட்ட பிறகு சமாதானம் செய்யவும், களவா போன்ற கொன்றுண்ணிகளை நெருங்கும்போதும் இதனை மிகுதியாகச் செய்யும்.

வாய்ப்பிருந்தால், ஒரு களவாவுக்காகக் காத்திருங்கள். நான் பார்த்தது ஏறக்குறைய முழங்கை நீளம் இருக்கும். கல்லின் நிழலில் வந்து நின்று, செவுள் மூடிகளை அகல விரித்து, வாயைப் பிளந்தது. துப்புரவு மீன் வாய்வழியே நுழைந்து சில நொடிகள் மறைந்து, செவுள் இடுக்கில் நீலமாக எட்டிப் பார்த்து, மீண்டும் உள்ளே போயிற்று. அப்போது களவா வாயை முழுதும் மூடாமல், பாதியளவு சுருக்கித் திறந்தது. அந்த ஒரு சைகைக்குத் துப்புரவு மீன் உடனே வெளியே வந்தது. அடுத்த கணம் களவா உடலை உதறிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது. வாயை மூடுவதற்கு முன் எச்சரிப்பது அந்த இனத்தின் வழக்கமான நடத்தை என்பதை முன்பே அறிந்திருந்தும், நேரில் கண்டபோது என் மூச்சே ஒரு கணம் நின்றது.

ஒரு கல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட துப்புரவு மீன்கள் இருந்தால், பெரியது எது என்று பாருங்கள். ஓர் ஆணும் அதன் எல்லைக்குள் வாழும் சில பெண்களும் சேர்ந்ததே இவற்றின் குடும்பம். எல்லாமே முதலில் பெண்ணாகவே வாழ்கின்றன. ஆண் இறந்துவிட்டால், மீதமுள்ளவற்றில் பெரிய பெண் அந்த இடத்தை ஏற்கும். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் ராஸ் ராபர்ட்சன் கவனித்து 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண் மறைந்த சில மணி நேரத்திலேயே அந்தப் பெண் ஆணைப்போல் நடக்கத் தொடங்குகிறது; ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முழுமையான ஆணாகவே மாறிவிடுகிறது. இரண்டு மீன்கள் சேர்ந்து ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்யும்போது, பெண் கடித்ததால் வாடிக்கையாளர் போய்விட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிப்பதும் உண்டு.

குறித்துவைக்கும் முறை

நீரில் எழுதக்கூடிய பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் இருந்தால் நல்லது. இல்லையென்றால், படகில் ஏறியவுடன், துவட்டிக்கொள்வதற்கும் முன்னால், எழுதிவிடுங்கள். பத்து நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டு, வந்த வாடிக்கையாளர் எத்தனை, எவ்வகை மீன்கள், எத்தனை உதறல்கள், எத்தனை விரட்டல்கள் ஆகியவற்றை மட்டும் எண்ணினால் போதும். எண்ணிக்கை சிறியதாகத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். மிகுதியாகத் தோன்றினாலும் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் குரூட்டர் 1996இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு துப்புரவு மீன் சராசரியாக ஒரு நாளில் 2,297 முறை மீன்களைச் சோதித்து, 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது.

செய்யக் கூடாதவை சில உண்டு. பவளத்தின்மேல் நிற்காதீர்கள், பிடிக்காதீர்கள். இந்தியக் கடலில் பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மீன்களை வரவழைக்க ரொட்டித் துண்டு வீசாதீர்கள். நிலையத்தின் ஒழுங்கு முழுவதும் அதனால் குலைந்துவிடும். கேமரா வைத்திருந்தால் ஃபிளாஷைத் தவிருங்கள்.

கடலில் கண்டு மகிழ்ந்ததை வீட்டுத் தொட்டியிலும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. கடல்மீன் தொட்டிக்கான கடைகளில் இது விற்பனைக்கும் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். தொட்டியில் இருக்கும் நான்கைந்து மீன்களில் அதன் பசியைத் தீர்க்கும் அளவுக்கு ஒட்டுண்ணிகள் இருக்காது. வேறு உணவைப் பழகிக்கொள்ளாதவை மெலிந்து இறந்துபோகின்றன. அங்கே ஒன்று சாகும்போது, கடலில் ஒரு நிலையமும் ஆளற்றுப் போகிறது. லிசார்ட் தீவில் சிறு பவளத்திட்டுகளிலிருந்து துப்புரவு மீன்களைத் தொடர்ந்து எட்டரை ஆண்டுகள் அகற்றி வைத்திருந்தபோது, அங்கே நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை, அகற்றப்படாத திட்டுகளைவிட 37 விழுக்காடும், இனங்களின் எண்ணிக்கை 23 விழுக்காடும் குறைந்திருந்தன. ஜப்பானின் ஒசாகாவில் மசனோரி கோதாவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டையில் இடப்பட்ட புள்ளியை முகம் பார்க்கும் கண்ணாடியில் கண்ட துப்புரவு மீன்கள், அதில் தெரிவது தாமே என்று உணர்ந்ததுபோல், தொண்டையைத் தரையில் உரசித் துடைக்க முயன்றன. அப்படிப்பட்ட உயிரை ஒரு கண்ணாடிப் பெட்டியில் பட்டினி போட எனக்கு மனம் ஒப்பவில்லை. துப்புரவு செய்யும் மீன் தொட்டியில் வேண்டும் என்று கருதுவோர், வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட நியான் கோபி மீன்களைக் கேட்டு வாங்கலாம்.

திரும்பும் முன், நீங்கள் கவனித்த கல்லின் அடையாளத்தை, கரையிலிருந்து அது இருக்கும் திசை, அருகே உள்ள பெரிய பவளத்தின் வடிவம், ஏறக்குறைய ஆழம் ஆகியவற்றோடு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அதே கல்லுக்குப் போங்கள். அதே மீன் அதே முனையில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். முந்தைய நாள் காத்திருந்த நேரத்தில் பாதி கூட இம்முறை காத்திருக்க வேண்டியிராது.